பதில்: இணைய வானொலியைப் பதிவு செய்தால் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து வருகிறது

வணக்கம். வானொலி நாடகத்தோடு உங்கள் வீட்டு மின்விசிறியும் நாய் குரைப்பதும் பதிவாகிறது என்றால், ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி கேட்டுக்கொண்டிருப்பது லேப்டாப்பின் மைக்கை. ஸ்பீக்கரில் வெளியே வரும் ஒலியை அது காற்று வழியாகப் பிடிக்கிறது. மைக் வால்யூமை எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது.

விண்டோஸ்தானே சொன்னீர்கள்? ஆடாசிட்டியில் 'ஆடியோ செட்டப்' பொத்தானை அழுத்தி, 'ஹோஸ்ட்' என்ற இடத்தில் எம்எம்இ (MME) இருப்பதை 'விண்டோஸ் டபிள்யூஏஎஸ்ஏபிஐ' (Windows WASAPI) என்று மாற்றுங்கள்; இரண்டும் விண்டோஸ் ஒலியைக் கையாளும் வழிகள். பிறகு 'ரெக்கார்டிங் டிவைஸ்' பட்டியலில், ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்தில் 'லூப்பேக்' (loopback, கணினியில் ஓடும் ஒலியை மைக் இல்லாமல் நேராகப் பதியும் வழி) என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்போனில் கேட்பவர் என்றால் ஹெட்போனுக்கான லூப்பேக். இங்கேதான் பலர் சறுக்குவார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன்: ஒலி போவது ஒரு பக்கம், பதிவு பார்ப்பது இன்னொரு பக்கம், கடைசியில் ஒரு மணி நேர மௌனம்.

'சாஃப்ட்வேர் பிளேத்ரூ' (பதிவாகும் ஒலியை அப்போதே திரும்ப ஒலிக்கச் செய்யும் வசதி) ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எதிரொலி வரும். வாட்ஸ்அப் 'டிங்' சத்தமும் நாடகத்துக்குள் புகுந்துவிடும், அதனால் அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். லேப்டாப் தானாகத் தூங்கிப் போகாதபடியும் செய்து வையுங்கள்.

ஆடாசிட்டியின் இயல்பு அமைப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.2 ஜிபி இடம் வேண்டும். முடிந்ததும் எம்பி3 ஆக்குங்கள். பேச்சு மட்டும்தானே, மோனோ (ஒற்றை ஒலித்தடம்), 64 கேபிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) போதும், ஒரு மணி நேரம் 30 எம்பிக்குள் அடங்கிவிடும்.

நாளை இரவு நாடகத்துக்கு முன் இரண்டு நிமிடம் சோதித்துப் பாருங்கள். லூப்பேக் பட்டியலிலேயே வரவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள்.