ஐந்து மணிக்குப் பாண்டி ஆட்டம்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. ஆறாம் வகுப்புக் கணக்கை அநாயாசமாகப் போடுகிறாள். டபுள் புரமோஷன் வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். அவளோ சாயங்காலமானால் தெருவில் பாண்டி ஆடி நேரத்தை வீணாக்குகிறாள். படம் அனுப்பியிருக்கிறேன். அவளைப் பற்றி உங்கள் இதழில் எழுதுவீர்களா?
(ஒரு தாய், காட்பாடி)

பதில்: 'வீணாக்குகிறாள்' என்ற சொல்லை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா.

நம் வேலூர் வெயிலில் பிள்ளைகள் தெருவில் கால் வைக்கவே ஐந்து மணி ஆகிவிடுகிறது. இருட்டுவதற்குள் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஒருநாள் வாசற்படியில் உட்கார்ந்து பாருங்கள். உடைந்த ஓட்டில் நாலைந்து சில்லு பொறுக்கி, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பாள். தட்டைச் சில்லுதான் கட்டத்துக்குள் நிற்கும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கோட்டை மிதித்தாயா இல்லையா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சண்டை வரும். கா விடுவார்கள், பத்து நிமிஷத்தில் பழம் விட்டு மறுபடி ஆடுவார்கள். போட்ட கணக்கெல்லாம் சரியாக வரும் பிள்ளைக்குத் தோற்றுப் பழக வேறு இடம் ஏது?

கணக்குப் பசிக்கும் தீனி போடத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவில் டெரன்ஸ் டாவோ எட்டு வயதையொட்டி உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க் கணக்கு படித்தார். மீதி நேரம் தொடக்கப் பள்ளியிலேயே இருந்தார். 2006-இல், கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். வகுப்பு ஆசிரியரிடம் பேசி, கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்காரவைக்க முடியுமா என்று கேளுங்கள். மற்றபடி அவள் தோழிகளோடே இருக்கட்டும்.

இதழில் எழுதுவது பற்றி. விருந்தாளி வந்தால் பிள்ளையை நிற்கவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதை இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்திருக்கிறேன். என்னைக் கண்டித்து வந்த கடிதங்களும் கொஞ்சமல்ல. இன்னும் கண்டிப்பேன். அமெரிக்காவில் வில்லியம் சைடிஸ் என்றொரு பையன் 1909-இல், 11 வயதில், ஹார்வர்டில் சேர்ந்தான். மறு வருஷமே கணிதக் கழகத்தில் நாலாம் பரிமாணம் பற்றிப் பேசினான். பத்திரிகைகள் மொய்த்தன. வளர்ந்தபின் அவர் ஒதுங்கி, சாதாரண குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு, டிராம் டிக்கெட் சேகரித்துக்கொண்டு வாழ்ந்தார். அப்போதும் பத்திரிகைகள் விடவில்லை. 1937-இல் ஒரு வார இதழ் அவர் குடியிருந்த அறைவரை எழுதியது. வழக்குப் போட்டார், என்னை என் பாட்டில் விடுங்கள் என்ற அந்த முறையீட்டை 1940-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. 46 வயதில் இறந்துபோனார். அவரை அப்படித் துரத்தியது என் பத்திரிகைத் தொழில், அம்மா. அதனால்தான் குழந்தை மேதைகளின் படத்தை நான் போடுவதில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தில் கழுத்து நிறைய மெடல். முழங்காலில் ஆறாத சிராய்ப்பு ஒன்றும் தெரிகிறது. படத்தைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். காயத்துக்கு மருந்து போட்டு, ஐந்து மணிக்கு அவளைத் தெருவுக்கு அனுப்புங்கள்.