பால் கேட்ட கேணல்

கேள்வி: போன இதழில் டரன்டினோவின் ‘இங்ளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்’ அருமையான போர்ப் படம் என்று எழுதியிருந்தீர்கள். நம்பிப் பார்த்தேன். தொடக்கத்தில் இரண்டு பேர் மேசையில் இருந்து கதைக்கிறார்கள், கதைக்கிறார்கள், கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். போர் எங்கே ஐயா?
– வாசகர், நிலாவெளி

பதில்: அந்த மேசையில்தான்.

1941, பிரான்ஸ், ஒரு மாட்டுப் பண்ணை வீடு. யூதர்களைத் தேடி வந்த நாஜிக் கேணல் லண்டா பணிவாக ஒரு கிளாஸ் பால் வாங்கிக் குடிக்கிறார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முடிந்துவிட்டது, இனி ஆங்கிலத்தில் கதைப்போமா என்கிறார். பச்சைப் பொய், அவருடைய பிரெஞ்சில் ஒரு குறையும் இல்லை. பிறகு கேமரா மெல்லக் கீழே இறங்குகிறது. பலகைத் தரைக்கு அடியில் ஒரு குடும்பம் மூச்சடக்கிப் படுத்திருக்கிறது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. தலைக்கு மேல் தங்கள் உயிரைப் பற்றித்தான் பேச்சு, கேட்டும் விளங்காமல் கிடக்கிறார்கள். நடுவில் பண்ணைக்காரரின் சின்னப் பைப்புக்கு எதிரே லண்டா ஒரு பைப்பை எடுப்பார், பாருங்கள், யானைத் தும்பிக்கை மாதிரி! நடுக்கத்திலும் சிரிப்பு வந்துவிடும். லண்டாவாக நடித்த கிறிஸ்டோஃப் வால்ட்ஸுக்கு ஒஸ்கார் கொடுத்தது சும்மா இல்லை.

சண்டைக் காலத்தில் ஒருமுறை கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஹபரணை தாண்டி ஒரு சென்றியில், அதாவது சோதனைச் சாவடியில், நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்த கிண்ணியா வியாபாரி காதோடு சொன்னார்: “தம்பி, நீங்க வாய் திறக்காதீங்க, நான் கதைக்கிறன்.” ஏறிய சீருடைக்காரர் சத்தம் போடவில்லை. சிரித்தபடி, சாப்பிட்டீர்களா என்றுதான் சிங்களத்தில் கேட்டார். அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்கு வேர்த்தது. 83 கலவரத்தில், சிங்களத்தில் வாளிக்குச் சொல்லும் ‘பால்திய’ என்ற சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழ் ஆள் பிடித்த கதையும் உங்களுக்குத் தெரியும். முதல் எழுத்திலேயே தமிழ் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். இதே படத்தில், நிலவறை மதுக்கடையில், மூன்று கிளாஸ் கேட்டு விரல் காட்டும் ஆங்கிலேய ஒற்றன் ஜெர்மன்காரர் போலக் கட்டைவிரலை நீட்டாததால் மாட்டிக்கொள்கிறான். இன்னொரு தடவை பாருங்கள், காதைத் தீட்டிக்கொண்டு.

கேள்வி: ஹிட்லர் தியேட்டரில் சாவதாகக் காட்டுவது சரித்திரப் புரட்டு இல்லையா?
– ஆசிரியை, உப்புவெளி

பதில்: புரட்டுத்தான் டீச்சர். ஆள் 1945 ஏப்ரல் 30இல் பெர்லின் பதுங்குகுழியில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தார். எனக்கும் முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்தத் தியேட்டரை எதைக் கொண்டு எரிக்கிறார்கள்? பழைய நைட்ரேட் பிலிம் சுருள்களைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். அந்தக் காலத்துப் பிலிம் உண்மையாகவே அப்படித்தான் பற்றும். சினிமாப் பைத்தியம் ஒருவருக்குத்தான் அந்த யோசனை வரும் என்று மன்னித்துவிட்டேன். 1942இல் ஜப்பான்காரன் திருகோணமலை சீனக்குடாவில் குண்டு போட்ட கதையைச் சொல்லும்போது என் அப்பப்பாவும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பிளேனைக் கூட்டித்தான் சொல்வார்.

கேள்வி: பிள்ளைகளுடன் பார்க்கலாமா?
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: வேண்டாம் தங்கச்சி. மண்டைத் தோலை உரிக்கிறார்கள். அப்புறம் இரவில் ஒருத்தரும் பால் குடிக்கமாட்டார்கள்.