‘சேவ் பண்ணவா?’ என்று பிரவுசர் கேட்டால்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விசயத்தைச் சுற்றித்தான் இருந்தன: பாஸ்வேர்டைப் பிரவுசரில் சேமிக்கலாமா, கூடாதா? கல்லடியில் என் திருத்தக் கடைக்கு வருகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. “அது யாருடைய கம்பியூட்டர்?” என்று திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பதில் அதற்குள் இருக்கிறது.

அண்ணா, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப ஏறாவூரில் ஒரு கொமியூனிகேஷனுக்குப் போனேன். ஜீமெயிலுக்குள் நுழைந்ததும் மேலே ஒரு பெட்டி வந்தது. பின்னால் ஆட்கள் நின்றதால் அவசரத்தில் ‘சேவ்’ என்பதை அமத்திவிட்டேன். மறுகாதான் யோசனை வந்தது. கடைக்கார அண்ணன் நல்லவர்தான். இருந்தாலும் பயமாக இருக்கிறது.
— மாணவி, செங்கலடி

கடைக்குத் திரும்பி ஓட வேண்டாம் தங்கச்சி. உங்கள் போனிலிருந்தே ஜீமெயில் பாஸ்வேர்டை இப்போதே மாற்றுங்கள். மாற்றிவிட்டால் கடையில் கிடப்பது பழைய பாஸ்வேர்ட், அதை யார் எடுத்தும் பயனில்லை. பிறகு கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ என்ற பட்டியலைப் பாருங்கள். அந்தக் கடையின் கம்பியூட்டர் அதில் இன்னும் தெரிந்தால் அங்கிருந்தே வெளியேற்றலாம். அதே பாஸ்வேர்டை வேறு எங்காவது போட்டிருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். அநேகமாகப் போட்டிருப்பீர்கள்.

கடைக்காரர் நல்லவர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பல கடைகளில் குரோம், முதலாளியின் சொந்த ஜீமெயிலோடு திறந்தபடியே கிடக்கும். அங்கே ‘சேவ்’ கொடுத்தால் பாஸ்வேர்ட் அந்த மேசையோடு நிற்காது. அவருடைய கூகுள் கணக்குக்குப் போய், அவர் போனிலும் வீட்டு லெப்டொப்பிலும் வந்து உட்காரும். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். கடை கைமாறினாலும் போன் விற்கப்பட்டாலும் அது கூடவே போகும்.

அடுத்த தடவை கடையில் உட்கார்ந்ததும் குரோமின் மேல் வலது மூலையில் உள்ள ஆள் படத்தை அமத்தி, ‘கெஸ்ட்’ என்பதைத் திறந்துகொள்ளுங்கள். அந்த ஜன்னலை மூடியதும் பாஸ்வேர்ட், போய்வந்த பக்கங்கள் எல்லாம் அழிந்துவிடும். சாதாரண ஜன்னலில்தான் வேலை என்றால், பெட்டி வரும்போது ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று கொடுங்கள். அதற்குப் பிறகு அந்தத் தளத்துக்கு அந்தக் குரோம் சேமிக்கவா என்று கேட்காது, உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைக்கும் அது நல்லது. சேமிக்காவிட்டாலும் ‘லொக் அவுட்’ செய்யாமல் எழுந்து வந்தால் கணக்கு திறந்தேதான் இருக்கும், அது வேறு விசயம்.

இன்னுமொன்று, இதை யாரும் கேட்பதில்லை. விண்ணப்பத்துக்காக நீங்கள் ஸ்கேன் செய்த அடையாள அட்டையும் சான்றிதழும் அந்தக் கம்பியூட்டரின் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் கிடக்கும். கெஸ்டில் இருந்தாலும் அவை தானாக அழியாது. ஒருநாள் ஒரு கடையின் கம்பியூட்டர் திருத்த வந்தபோது திறந்து பார்த்தேன். ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டை வரிசையாக இருந்தது. எழும்புமுன் அழித்துவிட்டு வாருங்கள். வங்கிக் கணக்கை மட்டும் கடையில் எந்த ஜன்னலிலும் திறக்காதீர்கள். தட்டுவதையெல்லாம் பதிந்து வைக்கும் ஒரு புரோகிராம் உள்ளே இருந்தால் கெஸ்ட் ஒன்றும் செய்யாது.

தம்பி, நான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். பாஸ்வேர்ட்களைக் கொப்பியில் எழுதி அலுமாரியில் வைத்திருக்கிறேன். மகன் ‘குரோமில் போடுங்க வாப்பா’ என்கிறான். எது நல்லது?
— மருதமுனை வாசகர்

அதிபர் சேர், கொப்பியைப் பழிக்க மாட்டேன். ரஷ்யாவில் இருக்கும் திருடனுக்கு உங்கள் அலுமாரி எட்டாது. ஆனால் 2004 டிசம்பருக்குப் பிறகு, கடலோரத்தில் ஒரே பிரதியாக வைக்கும் கடதாசியைப் பற்றி மருதமுனைக்காரருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. கொப்பி வைத்திருப்பவர்கள் பார்த்துப் பார்த்துத் தட்டுவதற்குச் சோம்பல்பட்டு, சின்ன பாஸ்வேர்டாகவே வைப்பதையும் கண்டிருக்கிறேன்.

மகன் சொல்வதில் அதைவிடப் பெரிய நியாயம் ஒன்று இருக்கிறது. பாஸ்வேர்டைச் சேமிக்கும்போது பிரவுசர் அதை அந்தத் தளத்தின் முகவரியோடு சேர்த்தே பூட்டி வைக்கிறது. உங்கள் வங்கியின் பக்கத்தைப் போலவே நிறம், இலச்சினை எல்லாம் வைத்து ஒருவன் போலிப் பக்கம் செய்கிறான் என்று வையுங்கள். முகவரியில் ஆங்கில ‘எல்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘1’ என்ற இலக்கம். நம் கண்ணுக்கு அது பிடிபடாது, கண்ணாடி போட்டாலும். பிரவுசர் எழுத்தெழுத்தாக ஒப்பிடும், ஒன்று பிசகினாலும் நிரப்பாது. கொப்பியைப் பார்த்துத் தட்டுகிறவர் போலிப் பக்கத்திலும் அப்படியே தட்டிக் கொடுத்துவிடுவார். வழக்கமாகத் தானே நிரம்பும் பெட்டி ஒருநாள் காலியாக நின்றால், கையால் தட்டுமுன் மேலே முகவரியை வாசியுங்கள். சில நேரம் சரியான தளமே தன் பக்கத்தை மாற்றியிருக்கும். ஆனாலும் வாசியுங்கள்.

அதனால் வீட்டுக் கம்பியூட்டர் உங்களுடையது, அதற்கு லொக் இருக்கிறது என்றால் குரோமில் போடுங்கள். கொப்பியையும் எறிய வேண்டாம். அதில் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையும், கூகுள் தரும் எட்டு இலக்கக் காப்புக் குறியீடுகள் பத்தையும் எழுதி வையுங்கள். போன் தொலைந்த அன்று உள்ளே போக அதுதான் வழி. பிரவுசரும் காலை வாரும்: 2024 ஜூலையில் விண்டோஸில் குரோம் 127 வந்த கையோடு, பலருக்குச் சேமித்த பாஸ்வேர்ட்களே பட்டியலில் தெரியவில்லை. கூகுள் அதைச் சரிக்கட்ட ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது.

என் அடையாள அட்டை இலக்கத்தையே எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறேன். யாருக்கும் மனப்பாடம் இருக்காதுதானே?
— வாசகர், திருக்கோவில்

மனப்பாடம் தேவையில்லை ஐயா, கணக்குப் போட்டாலே வரும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 68234 என்று தொடங்கினால் 1968 ஆகஸ்ட் 21இல் பிறந்த ஆண், 68734 என்றால் அதே நாளில் பிறந்த பெண். 12 இலக்கப் புதிய அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் முழுதாக வரும். உங்கள் பிறந்தநாளுக்குப் பேஸ்புக்கில் வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் பாதி தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ள உங்கள் அட்டையின் போட்டோகொப்பி ஒன்று போதும், அது எத்தனை அலுவலகத்தில் கிடக்கிறதோ!

2009இல் ரொக்யூ என்ற நிறுவனத்தின் தளத்திலிருந்து 32 மில்லியன் பாஸ்வேர்ட்கள் வெளியே வந்தபோது, அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியலை வைத்து இன்றும் கதவு தட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே இரண்டு: கம்பியூட்டரின் பாஸ்வேர்ட், கூகுள் பாஸ்வேர்ட். மற்றதையெல்லாம் பிரவுசரே உருவாக்கித் தரட்டும், அதையே ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துவிடலாம்: ஆப்பை, ஒல்லாந்தர், டியூப், கச்சான், வெள்ளாப்பு என்ற மாதிரி. இங்கே அச்சானதால் இதை எடுக்காதீர்கள். ‘மீன் பாடும் தேனாடு’ என்று வைக்கலாமா என்று கேட்டு ஏற்கெனவே மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். மட்டக்களப்பானைப் பிடிக்க நினைக்கிறவன் முதலில் தட்டுவது அதைத்தான்.

அண்ணே, நண்பன் கொடுத்த ‘கிராக்’ செய்த வீடியோ எடிட்டிங் சொஃப்ட்வெயரைப் போட்டேன். இரண்டாம் நாள் என் கடையின் பேஸ்புக் பக்கம் போய்விட்டது. பாஸ்வேர்ட் பிரவுசரில் மட்டும்தான் இருந்தது, ஓ.டி.பி.யும் போட்டிருந்தேன். எப்படி?
— அக்கரைப்பற்று

தம்பி, பூட்டை யாரும் உடைக்கவில்லை, உள்ளே நீங்களே ஆளை விட்டிருக்கிறீர்கள். குரோம் பாஸ்வேர்ட்களைக் குறியாக்கம் செய்துதான் வைக்கிறது. ஆனால் விண்டோஸில் அதைத் திறக்கும் சாவி நீண்டகாலம் உங்கள் விண்டோஸ் கணக்கோடு மட்டுமே கட்டப்பட்டிருந்தது. உங்கள் பெயரில் ஓடும் எந்தப் புரோகிராமும், ‘இது நான்தான், திற’ என்று விண்டோஸிடம் கேட்கலாம். கிராக் சொஃப்ட்வெயரோடு ஒட்டி வரும் திருட்டுப் புரோகிராம் இதைத்தான் செய்கிறது. ரெட்லைன் என்பது இந்த வகையில் பேர்போனது. 2024 அக்டோபரில் நெதர்லாந்துப் பொலிஸும் வேறு நாடுகளும் சேர்ந்து அதன் சேர்வர்களை முடக்கின. இடத்தைப் பிடிக்க வேறு பெயர்கள் வந்துவிட்டன.

ஓ.டி.பி. இருந்தும் போனதற்குக் காரணம் குக்கி. நீங்கள் ஒருமுறை உள்ளே போன பிறகு, ‘இவர் ஏற்கெனவே வந்தவர்’ என்று பேஸ்புக் ஒரு சின்னக் கோப்பை உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும். அதையும் அள்ளிக்கொண்டு போனால், அவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓ.டி.பி.யும் கேட்காது. 2024 ஜூலையிலிருந்து விண்டோஸில் அந்தச் சாவியைக் குரோமோடு மட்டும் கட்டும் வேலையைக் கூகுள் தொடங்கியது, முதலில் குக்கிகளுக்கு. திருடர்கள் அதையும் சுற்றி வரப் பார்க்கிறார்கள். அதனால் குரோமை அப்டேட் செய்யாமல் வைத்திருக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தக் கம்பியூட்டரில் இருந்து ஒரு பாஸ்வேர்டையும் மாற்றாதீர்கள், புதியதும் அவனுக்கே போகும். போனை எடுத்து முதலில் மெயில், அடுத்து வங்கி, அதற்குப் பிறகு பேஸ்புக். எல்லாவற்றிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதைக் கொடுங்கள், குக்கி செல்லாக்காசாகும். கம்பியூட்டரைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அனுமதியில்லாமல் மற்றவர் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் குற்றம், பொலிஸில் ஒரு முறைப்பாடும் போட்டு வையுங்கள். அந்த நண்பனுக்கும் சொல்லுங்கள், அவன் கம்பியூட்டரிலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபயர்ஃபொக்ஸில், சேமித்த பாஸ்வேர்ட்களையெல்லாம் பூட்டப் போட்ட பிரைமரி பாஸ்வேர்டை மறந்துவிட்டேன். எடுக்க வழியுண்டா?
— களுவாஞ்சிகுடி

இல்லை. புதிதாக வைக்கலாம், ஆனால் அந்த ஃபயர்ஃபொக்ஸில் சேமித்தவை அழியும்.

வீட்டில் ஒரே லெப்டொப். எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் குரோமில் தனித்தனி புரொஃபைல் போட்டிருக்கிறேன். போதுமா?
— தாய், ஆரையம்பதி

ஒழுங்குக்கு நல்லது, காவலுக்கு உதவாது. ஒரு தட்டில் மகன் உங்கள் புரொஃபைலுக்கு மாறிவிடலாம், அங்கே பாஸ்வேர்ட் தானாக நிரம்பிவிடும். விண்டோஸிலேயே மூன்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்ட் வையுங்கள்.

குரோமிலிருந்து ஃபயர்ஃபொக்ஸுக்கு மாறப்போகிறேன். பாஸ்வேர்ட்களை எப்படிக் கொண்டுபோவது?
— பொத்துவில்

குரோமின் பாஸ்வேர்ட் மனேஜரில் அமைப்புகளுக்குப் போனால் ‘எக்ஸ்போர்ட்’ இருக்கும், ஒரு சி.எஸ்.வி. கோப்பு கிடைக்கும். அதை ஃபயர்ஃபொக்ஸில் ‘இம்போர்ட்’ செய்தால் முடிந்தது. அந்தக் கோப்பில் எந்தப் பூட்டும் கிடையாது, நோட்பேடில் திறந்தாலே எல்லாப் பாஸ்வேர்டும் வரிசையாகத் தெரியும். வேலை முடிந்ததும் அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்திருந்தால், அங்கிருந்தும்.