வாசகர் கேள்விகள்: ஏரிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் சாம்பிளைன் ஏரிக்கரையில் ஓர் அறிவியல் மையம் இருப்பதாகவும், பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே வகுப்புக்குத் தகுந்தபடி களப்பயணம் நடத்துவதாகவும் படித்தேன். நமக்கு அப்படி ஒரு கட்டடம் இல்லை. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைக் கொடைக்கானல் ஏரிக்கு அழைத்துச் சென்று அதுபோல ஏதேனும் செய்ய முடியுமா?
– அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை, தாண்டிக்குடி

பதில்: தாராளமாகச் செய்யலாம். நீங்கள் படித்தது வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் உள்ள எக்கோ என்ற மையமாக இருக்க வேண்டும். அந்த ஏரி ஏறக்குறைய 190 கிலோமீட்டர் நீளமுள்ளது. கரையோர வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் மழைநீரோடு வந்து சேரும் பாஸ்பரஸ் என்ற உரச்சத்து, கோடையில் அதன் சில பகுதிகளில் நீலப்பச்சைப் பாசியைப் பெருக்கிவிடுகிறது என்பதே அங்குள்ளவர்களின் பெரிய கவலை. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகளைத் தினமும் பார்க்கும் உங்கள் பிள்ளைகளுக்கு, மேட்டில் போடும் உரம் மழையில் கரைந்து எங்கே போகிறது என்ற கேள்வி அந்த நாட்டுப் பிள்ளைகளைவிட நன்றாகவே புரியும்.

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானதன்று. மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைக்குக் கரை கட்டித் தேக்கிய நீர் அது. அதன் நட்சத்திர வடிவத்தைச் சுற்றுலாக் கையேடுகள் அழகுக்காகச் சொல்லும். உங்களுக்கு அந்த வடிவம் வேறு வகையில் பயன்படும். கைகளைப் போல நீளும் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு சரிவிலிருந்து நீர் வருவதால், ஒரே ஏரியில் கலங்கிய நீரையும் தெளிந்த நீரையும் ஒரே காலை நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீர் வந்து சேரும் இடம் ஒன்று, வெளியேறும் பக்கத்தில் ஒன்று என இரண்டே இடங்களை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளுங்கள். பெருமாள்மலை வழியாக வரும்போது வெள்ளி அருவியில் பேருந்தைப் பத்து நிமிடம் நிறுத்தி, அங்கே விழுவது இந்த ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர்தான் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினால், பிள்ளைகள் ஏரியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

கருவிகளுக்குச் செலவே இல்லை. நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்க, இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மூடியை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளில் கறுப்பும் வெள்ளையும் பூசி, நடுவில் துளையிட்டு, அடியில் கல் கட்டி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்குங்கள். இத்தாலிய அறிவியலாளர் செக்கி 1865-இல் கையாண்ட வெள்ளைத் தட்டின் வழிவந்த இந்தத் தட்டைத்தான் உலகெங்கும் ஏரி ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எழுத வேண்டும். படகுத்துறையின் நிழல் விழும் பக்கமாக இறக்கினால் நீர்ப்பரப்பின் பளபளப்பு கண்ணை ஏமாற்றாது. ஆழத்து நீரை எடுக்க, கழுத்தில் கயிறும் அடியில் கல்லும் கட்டிய ஒரு பாட்டில் போதும்; தக்கைக்குத் தனியாக ஒரு கயிறு கட்டி, பாட்டில் கீழே போனபின் வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆழத்து நீர் உள்ளே புகும். மேலே எடுத்தவுடன் வெப்பநிலையைப் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் பிள்ளைகளைக் கட்டிப்போடுவது கயிறும் தட்டும் அல்ல, பூச்சிகள்தான். கரையோரப் புல்லின் வேர்களை வலையால் ஒருமுறை துழாவி, வந்ததை ஓர் அகலமான வெள்ளைத் தட்டில் நீரோடு கொட்டிவிட்டு, இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். முதலில் வெறும் சேறுதான் தெரியும். பிறகு சேற்றில் ஒரு துணுக்கு நகரும். அது தட்டானின் இளம்பூச்சியாக இருந்தால், முகத்தின் அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கை நீட்டுவதுபோல் பாய்ச்சி இரையைப் பிடிப்பதையும், ஆபத்து என்றால் பின்புறத்தால் நீரைப் பீய்ச்சி முன்னே தாவுவதையும் பார்க்கலாம். நான் அழைத்துச் சென்ற ஒரு குழுவில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுவன் அந்தத் தட்டின் முன்னால் முக்கால் மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பேருந்து கிளம்பும்போது அவனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பார்த்து முடித்ததும் உயிர்களை எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் செய்யுங்கள்.

எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்கள் போதும். நகராட்சிக்கும் படகுத்துறைப் பொறுப்பாளருக்கும் முன்னதாகவே கடிதம் கொடுத்து அனுமதி பெறுங்கள். பேரிஜம் ஏரிக்குப் போக விரும்பினால் வனத்துறை அனுமதி தனியாகத் தேவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். தை, மாசியில் வானம் தெளிந்திருக்கும்.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஒருமுறை போய் அளந்தது அறிவியல் ஆகாது. அதே இரண்டு இடங்களில், அதே தட்டைக் கொண்டு, அடுத்த ஆண்டும் அளக்க வேண்டும். ஏரிக்கு அடிக்கடி வர வசதிப்படாது என்பதால், உங்கள் ஊர் ஓடையிலோ தடுப்பணையிலோ மாதம் ஒருமுறை அதே வேலையைச் செய்து, எல்லாவற்றையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதிப் பள்ளியிலேயே வைத்திருங்கள். எட்டாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகள் அந்த நோட்டை ஏழாம் வகுப்பினர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: போன வருடம் என் மகளைப் பள்ளியிலிருந்து ஒரே நாளில் ஏழு இடங்களுக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவளுக்குச் சாக்லேட் கடை மட்டும்தான் நினைவிருந்தது. இப்போது ஏரியில் ஆய்வு என்கிறார்கள். தண்ணீர் என்றாலே பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
– ஒரு தாய், வத்தலக்குண்டு

பதில்: உங்கள் பயம் நியாயமானது. பள்ளியிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பிள்ளைகள் யாரும் நீரில் இறங்காமல் கரையிலிருந்தும் படகுத்துறையிலிருந்தும் மட்டுமே வேலை செய்வார்களா, படகில் ஏறினால் ஒவ்வொருவருக்கும் அளவான மிதவை அங்கி உண்டா, எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது அருகில் இருப்பாரா என்று கேட்டு, மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் தயங்காமல் அனுப்புங்கள். ஏரியைச் சுற்றிய சாலையிலும் காட்டுமாடு வருவதுண்டு. சாதுவாக நிற்பதுபோல் தெரிந்தாலும் படம் எடுக்க அருகில் போகக் கூடாது என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள். ஒரே நாளில் ஏழு இடம் என்பதை நான் களப்பயணம் என்றே சொல்ல மாட்டேன். இம்முறை ஓர் இடம் மட்டும்தான் என்றால், அதற்காக மகிழ்ச்சி அடையுங்கள்.

கேள்வி: மலை உயரத்தில் காற்று குறைவு என்கிறார்களே, அப்படியானால் ஊட்டி ஏரி மீன்களுக்கு ஆக்சிஜன் கிடைக்குமா? ஆகாயத்தாமரை அதை இன்னும் குறைக்குமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, உதகமண்டலம்

பதில்: மிக நல்ல கேள்வி, அம்மா. நீரில் கரையும் ஆக்சிஜனை இரண்டு விஷயங்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறைந்து, கரையும் அளவும் குறையும். நீர் குளிர்ந்தால் அதிகம் கரையும். கடல் மட்டத்தில் 30 டிகிரி வெப்பமுள்ள நீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் 15 டிகிரி நீர் 7.8 மில்லிகிராம் வரை தாங்கும். ஆகவே உயரத்தால் இழப்பதைக் குளிர் ஈடுகட்டிவிடுகிறது.

உண்மையான ஆபத்து கழிவில் இருக்கிறது. 1820-களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய உங்கள் ஏரிக்கு, கோடப்பமந்து கால்வாய் ஊரின் நடுவே ஓடி நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதில் கலந்துவரும் கழிவே ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி படர்ந்து மூடினால், கீழே ஒளியும் போகாது, காற்றும் எளிதில் கலக்காது. செத்து மூழ்கிய இலைகளை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் இருக்கும் ஆக்சிஜனையும் செலவழித்துவிடும். சேற்றை அலசும்போது மெல்லிய சிவப்புப் புழுக்கள் நெளிந்தால் கவனித்துப் பார். அவை கொசுவைப் போன்ற ஒரு கடிக்காத பூச்சியின் இளம்பருவம். நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால்தான் சிவப்பாக இருக்கின்றன, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கின்றன. அவை மட்டுமே நிறைய இருந்து வேறு உயிர்கள் இல்லாவிட்டால், அந்த இடத்து நீர் மூச்சுத் திணறுகிறது என்று குறித்துக்கொள்.

கரைந்திருக்கும் காற்றைக் கண்ணால் பார்க்க ஆசை என்றால், இரவுக் குளிரில் கிடந்த நீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் காலை வெயிலில் வை. ஒரு மணி நேரத்தில் தம்ளரின் உட்புறம் முழுவதும் கடுகைவிடச் சிறிய குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் சூடேறியதால் அதில் தங்க முடியாமல் வெளியே வந்த காற்று அது.