கனமான மரவேலை மெஷின்களைப் புதிய பட்டறைக்குப் பத்திரமாக மாற்றுவது எப்படி?

பேண்ட் சா, இழைப்பு மெஷின், சர்குலர் சா, கடைசல் மெஷின் என்று நான்கைச் சொல்லி, "ஆறு பேர் இருக்கிறோம், தூக்கி வைத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆள் பலத்தை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள்.

நாங்கள் பட்டறை மாற்றியபோது நடந்ததைச் சொல்கிறேன். பேண்ட் சா என்பது மேலும் கீழும் இரண்டு சக்கரங்களில் வளைய பிளேடு ஓடும் உயரமான ரம்பம். அதை ஹேண்ட் பேலட் டிரக்கில் (கையால் தள்ளும் சரக்கு வண்டி) ஏற்றித் தள்ளிக்கொண்டு போனோம். வாசலுக்கு முன்னால் காரை பெயர்ந்த ஒரு சின்னக் குழி. ஒரு பக்கச் சக்கரம் அதில் இறங்கியதும் மெஷின் மெதுவாகச் சாய ஆரம்பித்தது. என்னையறியாமல் இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கப் போனேன். கூட இருந்த மூத்த தச்சர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "கையை எடு தம்பி, விழுந்தா விழட்டும்!" நான் நின்றிருந்த இடத்தில் மெஷின் விழுந்தது. மேல் சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, அடிபட்டால் உடைந்துவிடும். வேறு சக்கரம் வாங்கிப் போட்டுக்கொண்டோம். அவர் இழுக்காமல் இருந்திருந்தால் என் நிலைமை என்ன என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் வேலை தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: சாய்ந்தால் யாரும் பிடிக்கக் கூடாது, விலகிவிட வேண்டும். எந்தப் பக்கம் சாயக்கூடுமோ அந்தப் பக்கம் யாரும் நிற்கவே கூடாது.

பேண்ட் சா ஏன் இவ்வளவு சுலபமாகச் சாய்கிறது? அடிப்பாகம் 45 செ.மீ. அகலம், எடையின் மையம் தரையிலிருந்து 90 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மையம் பக்கவாட்டில் 22.5 செ.மீ., அதாவது ஒரு சாண் நகர்ந்தால் போதும், மெஷின் கவிழ்ந்துவிடும். 14 டிகிரி சாய்விலேயே அது நடந்துவிடும். அடியில் 90 செ.மீ. நீளத்துக்கு இரண்டு தடிச் சட்டங்களைக் குறுக்கே வைத்து, மெஷினின் போல்ட் துளைகள் வழியாகவே முறுக்கிவிட்டால் 26 டிகிரி வரை தாங்கும். ஆனால் பேலட் டிரக்கில் ஏற்றிவிட்டால் சட்டத்தின் அகலம் உதவாது, டிரக்கின் அகலம்தான் கணக்கு. அதனால் உயரமான மெஷினை இப்போதெல்லாம் பைப் உருளையில்தான் நகர்த்துகிறேன். ஒரே பருமனில் நாலைந்து இரும்பு பைப்புகள், சட்டங்களுக்குக் கீழே நீளவாக்கில் இரண்டு பலகைகள். பின்னால் வெளியே வரும் பைப்பை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போக வேண்டும். பைப்பைக் கோணல் தீர்க்கக் கையை உள்ளே விடாதீர்கள், சுத்தியலால் தட்டித் திருப்புங்கள்.

கடப்பாரையால் நெம்பும்போதும் பொறுமை வேண்டும். ஒரு அங்குலம் தூக்கினால் உடனே ஒரு அங்குலக் கட்டை அடியில் போக வேண்டும், பிறகுதான் அடுத்த அங்குலம். கட்டையை ஒரு குச்சியால் தள்ளி வையுங்கள். விரல் நசுங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நகர்த்தும் முன் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிடுங்கள். பேண்ட் சாவில் பிளேடையும் மேஜையையும் எடுத்துவிடலாம். கடைசல் மெஷினில் டெயில்ஸ்டாக்கை (மரத்தின் மறுமுனையைத் தாங்கும் நகரும் பகுதி) தனியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தூக்கும்போது வழுக்கி ஓடும். மோட்டார் இருக்கும் தலைப்பக்கம்தான் கனம் என்பதால் தூக்கும் பெல்ட்டை நடுவில் மாட்டினால் அந்த முனை தாழும். இழைப்பு மெஷினில் கத்திகளைக் கழற்றுங்கள், அல்லது கட்டையால் மூடிக் கட்டுங்கள். அதன் மேஜைகளைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இரண்டு மேஜையும் ஒரே மட்டத்தில் நிற்பதுதான் அந்த மெஷினின் உயிர். தூக்கும் பெல்ட் எப்போதும் மெஷினின் உடலுக்கு அடியில் போகட்டும்.

செயின் பிளாக்கில் (சங்கிலியை இழுத்துத் தூக்கும் கருவி) தூக்கும்போது பெல்ட்டின் கோணத்தைக் கவனியுங்கள். 500 கிலோ மெஷினை இரண்டு கால் பெல்ட்டில் தூக்குகிறீர்கள். பெல்ட் தரைமட்டத்துக்கு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு காலுக்கும் சுமார் 290 கிலோ. 30 டிகிரிக்குத் தாழ்ந்து விரிந்தால் ஒவ்வொரு காலும் முழு 500 கிலோவைத் தாங்க வேண்டும். பெல்ட் குட்டையாக இருக்கிறதே என்று விரித்து மாட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. மெஷின் தொங்கும்போது அதன் கீழே யாரும் போகக் கூடாது.

சாய்வுப் பலகையில் ஏற்றி இறக்குவது இன்னும் கவனமான வேலை. 20 டிகிரி சாய்வில் 400 கிலோ மெஷின் சுமார் 137 கிலோ இழுவையோடு கீழ்நோக்கி வரும். கையால் கயிறு பிடித்து அதை நிறுத்த முடியாது. மேலே வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டுத்தான் இறக்க வேண்டும். மெஷினுக்குக் கீழ்ப்பக்கத்தில் யாரும் வேண்டாம். வண்டியில் கனமான பகுதியை முன் தடுப்புச் சுவரோடு ஒட்டி வைத்து, அடியில் ரப்பர் விரித்து, நாலு பக்கமும் இழுத்து இறுக்கும் ராட்செட் பெல்ட் போடுங்கள். ஐரோப்பியச் சரக்குக் கட்டு விதிகளில், பிரேக் போடும்போது சுமையின் எடையில் 80 சதவீதம் வரை முன்னால் தள்ளும் என்று கணக்கு வைத்துத்தான் கட்டச் சொல்கிறார்கள். மெஷின் இருக்கும் பின்பக்கத்தில் ஆளை உட்கார வைத்து ஓட்டாதீர்கள்.

புதிய இடத்துக்குப் போகும் முன்பே வாசல் அகலம், உயரம், திருப்பம் எல்லாவற்றையும் டேப் போட்டு அளந்து வையுங்கள். மெஷின் நிற்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்துகொண்டால் இரண்டாவது தடவை நகர்த்தும் வேலை இருக்காது. இறக்கியதும் மட்டம் பாருங்கள்.

மூன்று பேஸ் மோட்டார் என்றால் கரண்ட் கொடுப்பதையும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கழற்றும்போதே ஒவ்வொரு வயருக்கும் அடையாளம் கட்டிப் படமும் எடுத்து வையுங்கள். இரண்டு பேஸ் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். சர்குலர் சாவில் பிளேடைப் பிடித்திருக்கும் நட் அப்படிச் சுழலும்போது தளர்ந்துவிடலாம். அதனால் முதலில் பிளேடும், மோட்டாரிலிருந்து அதைச் சுழற்றும் பெல்ட்டும் இல்லாமல் ஒரு நொடி மட்டும் மோட்டாரை ஓட்டி, எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, மெயினை அணைத்துப் பிறகு பிளேடை மாட்டுங்கள்.