சிவப்பை ஒளித்து வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 57 வயது. விருதுநகர் பக்கம் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து பத்து மாதம் ஆகிறது. மகளுக்குக் கோத்தகிரியில் வங்கி வேலை. என்னையும் அழைத்து வந்துவிட்டாள். "இயற்கை கொஞ்சுற இடம், நிறைய வரையலாம்மா" என்கிறாள். எனக்கோ எதைப் பார்த்தாலும் ஒரே பச்சை. மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கினால் அதுவும் இல்லை, வெறும் வெள்ளை. எங்கள் ஊரில் நான் வரைந்ததெல்லாம் செம்மண், மஞ்சள், காவி. இங்கே அந்தச் சிவப்பை வைத்தால் படம் கத்துகிறது. தாள் காய மாட்டேன் என்கிறது, பூஞ்சைப் புள்ளி வேறு. நாத்தனார் போனில், "அண்ணன் போயி வருசம் திரும்பலை, அதுக்குள்ள கலரா மதினி?" என்று கேட்டுவிட்டாள். கண்மாய்க் கரையில் அவர் நிற்பதுபோல் ஆரம்பித்த படம் ஒன்றும் பாதியில் கிடக்கிறது. இந்த வயதில், புது ஊரில், மறுபடி வரைய முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நாத்தனார் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரி மட்டும் மற்ற வரிகளைவிடப் பொடி எழுத்தில் இருக்கிறது. உறுத்துவது அதுதான் என்று புரிகிறது. அவர் அண்ணனைப் பறிகொடுத்தவர். அந்த வலியில் வந்த சொல் அது, அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் அவருக்காகத் தூரிகையை மூடியும் வைக்காதீர்கள். முப்பது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வண்ணம் குழைப்பதைப் பார்த்திருந்த மனிதர் உங்கள் கணவர். நீங்கள் கலர் டப்பாவைத் திறப்பதால் அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை எதுவும் குறைந்துவிடாது. கேட்கிறவர்களிடம் "வரையும்போதுதான் அவரை அதிகம் நினைக்கிறேன்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுவாகத்தான் இருக்கும்.

இனி வண்ணத்துக்கு வருவோம். மகள் சொல்வதுபோல இயற்கை உங்களுக்கு ஊக்கம் தரும்தான், ஆனால் தானாக வந்து கொட்டாது. முதலில் இந்த ஊரின் வண்ணம் என்ன என்று கண் பழக வேண்டும். சமவெளியிலிருந்து வந்த யாருக்கும் ஆரம்பத்தில் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். அதனால் படம் வரையும் எண்ணத்தையே கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். டியூபில் அடைத்து வரும் பச்சையையும் மூடி வையுங்கள். எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு இந்த நான்கு போதும். ஒரு சின்ன நோட்டில், கண்ணில் படும் ஒவ்வொரு பச்சையையும் கலந்து ஒரு பொட்டு வைத்து, பக்கத்தில் இடமும் நேரமும் எழுதுங்கள்.

தேயிலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். பறிக்கப் பக்குவமான கொழுந்துக்கு எலுமிச்சை மஞ்சளில் நீலம் துளி பட்டால் போதும். அதற்குக் கீழே இருக்கும் முற்றிய இலைக்கு நீலமும் ஓக்கரும் சேர்த்து, பர்ன்ட் சியன்னாவால் அதன் பளபளப்பை அடக்க வேண்டும். கவாத்து வெட்டிய தோட்டத்தில் பச்சையே கிடையாது; பழுப்புக் குச்சிகளும் அவற்றில் படர்ந்த சாம்பல் நிறப் பாசியும்தான். காற்றடித்தால் சில்வர் ஓக் இலைகள் திரும்பி வெள்ளியாகும்.

ஒன்றை மட்டும் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். சாலையோரத்தில் வெட்டிய கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) அடிக்கட்டை எங்காவது புதிதாகத் துளிர்த்திருக்கும். அதன் இளம் இலை அகலமாக, காம்பே இல்லாமல், தண்டைக் கட்டிக்கொண்டு ஜோடி ஜோடியாக இருக்கும். நிறம் பச்சை கிடையாது. நீலமும் சாம்பலும் கலந்த ஒரு வெளுப்பு. கட்டைவிரலால் தேய்த்தால் மெழுகுப் பொடி விரலில் ஒட்டிக்கொண்டு வரும், தேய்த்த இடத்தில் மட்டும் பச்சை தெரியும். இதே மரம் வளர்ந்த பிறகு உச்சியில் விடும் இலை நீண்டு, வளைந்து, கரும்பச்சையாகத் தொங்கும். ஒரே மரம்தானா என்று சந்தேகமே வரும். பட்டை உரிந்த இடத்தில் பால் வெள்ளை, பக்கத்திலேயே வெளிர் இளஞ்சிவப்பு, கொஞ்சம் மேலே ஈயச் சாம்பல். இந்த ஒரு மரத்திலேயே உங்கள் நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பிவிடும்.

அடுத்து, சிவப்பு. அது கத்துகிறது என்றீர்கள். கத்துவது உண்மை, ஆனால் தப்பு சிவப்பின் மேல் இல்லை. பாரீஸில் கோப்லான் என்ற பெயர்பெற்ற நெசவுக்கூடம் உண்டு. அங்கே சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூலில் அழுத்தமே இல்லை, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் எந்த நிறம் ஓடுகிறதோ அதுதான் கறுப்பை வெளிறக் காட்டியிருக்கிறது. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்று தொடர்ந்து ஆராய்ந்து 1839-ல் பெரிய நூலாகவே வெளியிட்டார். அவர் கண்டதில் நமக்கு வேண்டியது இது: எதிரெதிர் நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். சிவப்புக்கு எதிர் பச்சை. உங்கள் ஊரில் செம்மண்ணும் காவிச் சுவரும் காய்ந்த சோளத்தட்டையும் சூழ்ந்திருக்க, சிவப்பு உறவுக்காரர்களோடு அடக்கமாக இருந்தது. இங்கே மூன்று பக்கமும் பச்சை.

ஆகவே சிவப்பைக் கைவிட வேண்டாம், அளவைக் குறையுங்கள். முழுத்தாள் படத்தில் ஒரு கட்டைவிரல் நக அளவு போதும், பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும். அப்போதும் உறுத்தினால், அந்தச் சிவப்பிலேயே பச்சையைத் தூரிகை நுனியால் தொட்டுக் கலந்துவிடுங்கள், தணியும். சிவப்பு எங்கே என்று கேட்பீர்கள். சோலை மரங்கள் துளிர்க்கும்போது இளந்தளிர் பலவற்றில் செம்பும் இரத்தச் சிவப்புமாக வரும். உயரமான புல்வெளி ஓரங்களில் காட்டுப் பூவரசு கொத்துக் கொத்தாகச் சிவந்து பூக்கும். ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் வரிசையாக நிற்கும் வீடுகளின் ரோஸும் நீலமும் மஞ்சளும், மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும்போது எவ்வளவு அழகு! கேத்திப் பக்கம் போனால் கழுவிக் குவித்த கேரட் இருக்கிறது. உங்கள் ஊர்க் காவிக்கு அது தங்கை முறை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இந்தப் பச்சைக்கு நடுவிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் தோடர்கள். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளியில் வெள்ளைத் துணி மேல் சிவப்பு நூலும் கறுப்பு நூலும்தான் பிரதானம், எப்போதாவது நீலம். மரபான வேலைப்பாட்டில் பச்சைக்கு இடமே இல்லை. கோடு கிழிக்காமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே பெண்கள் அதைப் பின்னுகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊட்டிக்குப் போனால் அந்தத் துணி ஒன்றைக் கையில் வாங்கி, புல்வெளிக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இந்த மலைக்கு உங்கள் சிவப்பு அந்நியம் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றுவது அதைப் பார்க்கும்போதுதான்.

மேகம் இறங்கும் மத்தியானங்களை வீணான நேரம் என்று நினைத்து ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். மூடுபனிக்கு வெள்ளைப் பெயின்ட் தேவைப்படாது. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் அருமையான சாம்பல் வரும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் வெதுவெதுப்பானது. கிட்டத்து மரத்தை அழுத்தமாக வையுங்கள், அடுத்ததற்குத் தண்ணீர் சேருங்கள், அதற்கும் பின்னால் இருப்பதை ஈரத்தாளில் தொட்டு விட்டுவிடுங்கள், விளிம்பு தானாகக் கரையும். தாள் காயவில்லை என்று வருந்துகிறீர்களே, இந்த வேலைக்கு அந்த ஈரம்தான் வேண்டும். விருதுநகர் வெயிலில் இப்படி ஒரு படம் போட்டிருக்கவே முடியாது, கழுவிய வண்ணம் கண்ணெதிரே காய்ந்து கோடாகிவிடும்.

மற்ற நேரத்துக்கு ஹேர் டிரையர் வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலமான மழை, ஐப்பசி கார்த்திகையில் டிரையர் இல்லாமல் முடியாது. தாள்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தாளின் மேல் இருக்கும் பசைப்பூச்சைப் பூஞ்சை தின்றுவிடும், பிறகு அந்த இடத்தில் வண்ணம் மேலே நிற்காமல் உள்ளே ஊறித் திட்டாகும். புள்ளி விழுந்தவற்றை நல்ல படத்துக்கு எடுக்காமல் வண்ணம் கலந்து பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் தொடுவதாக இருந்தால் மார்கழி, தை விடியற்காலையில் வேண்டாம். பத்து டிகிரிக்குக் கீழே அந்த வண்ணப்படலம் சரியாக இறுகாது, பின்னால் வெடிக்கும்.

வெளியே போய் வரைய ஆசைப்பட்டால் முதலில் கோடநாடு காட்சிமுனை. அங்கே நின்றால் கால்மாட்டில் பச்சை, கீழே தெங்குமரஹாடா பக்கம் மாயாறு ஓடும் வறண்ட பள்ளத்தாக்கின் பழுப்பு, அதற்கும் அப்பால் நீலம் நீலமாக மலைகள். நீங்கள் வளர்ந்த நிறமும் வந்து சேர்ந்த நிறமும் ஒரே பார்வையில் கிடைக்கும் இடம் அது. லாங்வுட் சோலை பக்கத்திலேயே இருக்கிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024-ல் சேர்ந்த காடு, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: விடியலிலும் பொழுது சாயும்போதும் தேயிலைத் தோட்டத்துக்குள் தனியாகப் போய் உட்காராதீர்கள். கோத்தகிரியில் கரடியும் காட்டெருமையும் வீட்டுப் பக்கமே வரும். படத்தில் மூழ்கிய மனுஷிக்குப் பின்னால் நடப்பது தெரியாது. மகளையோ பக்கத்து வீட்டாரையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாடி ஜன்னலே போதும்.

குறிஞ்சி பூக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2018-ல் பூத்தது, இனி 2030. அதற்குள் உங்கள் தெருவில் எத்தனையோ பூத்து உதிர்ந்துவிடும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாந்திநிகேதனின் பினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றொன்றிலும் மங்கல். ஐம்பது வயதைத் தாண்டியபோது கண் அறுவை சிகிச்சை ஒன்று பலிக்காமல், இருந்த பார்வையும் போனது. நிலக்காட்சிகளில் பேர் எடுத்த ஓவியர் அவர்! அதற்குப் பிறகு தாளை மடித்து, வெட்டி, ஒட்டி, விரலால் தடவியே படம் செய்தார். 1972-ல் அங்குள்ள கலைப்பள்ளியான கலாபவனத்தின் சுவர் ஒன்றில் பீங்கான் ஓடுகளால் பெரிய சுவரோவியமும் செய்தார். பழைய மாதிரி வரைய முடியாதபோது வேறு மாதிரி வரைந்தார். அவருக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டு உங்கள் துக்கத்தைச் சிறிதாக்க நான் இதைச் சொல்லவில்லை. உங்களுக்குக் கண்ணும் இருக்கிறது, இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கையும் இருக்கிறது. வழி மட்டும் மாற வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கண் என்றதும் ஞாபகம் வருகிறது, ஒருமுறை கண்புரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். லென்ஸ் மஞ்சளித்தால் நீலம் மங்கித் தெரியும், நாம் வண்ணம் கலப்பதும் பிசகும். அதோடு, தூக்கமும் பசியும் சரியாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுதாமல் விட்டதால் கேட்கிறேன். வாரக்கணக்கில் இரண்டும் கெட்டிருந்தால் தூரிகையால் அது சரியாகாது, மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ்)க் காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

பாதியில் நிற்கும் கண்மாய்ப் படத்தைக் கோத்தகிரியில் வைத்து முடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வெளிச்சத்தில் அந்தக் கரையின் நிறம் உங்களுக்குப் பிடிபடாது. நினைவிலிருந்து இட்டு நிரப்பினால் பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கசக்கும். இப்போதைக்குப் பூஞ்சை பிடிக்காமல் உறையில் போட்டுத் தட்டையாக வையுங்கள். வருசத் திதிக்கு எப்படியும் ஊருக்குப் போவீர்கள். அப்போது கையோடு எடுத்துப் போங்கள். காரியங்கள் முடிந்த மறுநாள், கண்மாயில் தண்ணீர் கிடந்தாலும் வற்றியிருந்தாலும் கரையில் போய் உட்காருங்கள், நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு. படத்தில் உங்கள் கணவர் நிற்கும் இடத்தை முடிப்பதா, அப்படியே விடுவதா என்று அங்கே வைத்து முடிவு செய்யுங்கள். வண்ண நோட்டு நிரம்பியதும் நாலு பக்கம் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.