வாசகர் கேள்வி: கென்யாவுக்குத் தொண்டு செய்யப் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 25. செவிலியர் பட்டம் பெற்று, ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். கென்யக் கடலோரத்தில் மூன்று வாரம் மருத்துவத் தொண்டு செய்ய ஓர் அமைப்பு அழைத்திருக்கிறது. விமானக் கட்டணம் நீங்கலாக ஒன்றேகால் லட்சம் ரூபாய் கட்ட வேண்டுமாம். சுற்றுலாப் பயணியாக வந்தாலே போதும், பிரசவம்கூடப் பார்க்கலாம் என்கிறார்கள். இதுவரை நான் வெளிநாடு சென்றதில்லை; அம்மாவுக்கும் விருப்பமில்லை. போகலாமா?
– வாசகி, தொண்டி

பதில்: வெளிநாட்டுத் தொண்டுக்குப் போகலாம், ஆனால் இந்த அழைப்பை நம்பிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. பிரசவம்கூடப் பார்க்கலாம் என்று ஆசை காட்டுகிறார்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. தமிழ்நாட்டில் நீங்கள் பெற்ற செவிலியர் பதிவு கென்யாவில் செல்லாது. அந்நாட்டுச் செவிலியர் குழுமத்தின் அனுமதியின்றி அங்கே நோயாளியைத் தொடக்கூடாது. தமிழ் ஒரு சொல்லும் அறியாத, மூன்று வாரத்தில் ஊர் திரும்பிவிடும் ஒருவர் தொண்டி மருத்துவமனைக்கு வந்து உங்கள் அக்காவுக்குப் பிரசவம் பார்க்கிறேன் என்றால் நீங்கள் ஒப்புவீர்களா? சுவாகிலி பேசும் அந்த ஊர்ப் பெண்களுக்கும் அதே நியாயம்தான். தவிர, ஊதியமில்லாத தொண்டையும் பல நாடுகள் வேலையாகவே கருதுகின்றன. கென்யாவில் அறப்பணிக்கென்றே தனி அனுமதி வகை இருக்கும்போது, சுற்றுலா போதும் என்பவர்கள் சிக்கலை உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

எந்தச் சேவைப் பயணத்துக்கும் முன் கேட்க வேண்டியது, நம்மை யார் வரச் சொன்னார்கள் என்பதே. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். 2004 சுனாமியின்போது, இலங்கை மறைத்து நின்றதால் நம் பாக் நீரிணைக் கரை பெரும்பாலும் தப்பியது. அந்த நன்றியுணர்வில், வீடு வீடாகச் சேர்த்த பழந்துணிகளோடு நாகப்பட்டினத்துக்கு லாரியில் போனோம். எங்களுக்கு முன்பே வந்த துணிகள் சாலையோரத்தில் குவிந்து கிடந்தன. அவற்றின்மேல் ஆடுகள் படுத்திருந்தன. நாங்கள் இறக்கிய மூட்டையிலிருந்து ஒரு சேலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்த மீனவப் பெண் ஒருவர், முந்தானைக் கிழிசலை எங்களிடம் காட்டிவிட்டு, "குடத்துக்கு மூடி இருந்தாக் குடுங்கண்ணே, தண்ணியில மண்ணு விழுது" என்றார். லாரி முழுவதும் தேடினோம். ஒரு மூடிகூட இல்லை.

ஆகவே அந்த அமைப்பிடம், நீங்கள் பணியாற்றப்போகும் மருத்துவமனையின் பெயரையும் அதன் பொறுப்பாளரின் முகவரியையும் கேளுங்கள். உங்களுக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் யார், நீங்கள் திரும்பிய பின் செய்யப்போகிறவர் யார், ஒன்றேகால் லட்சத்தில் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பணம் கேட்பதாலேயே ஓர் அமைப்பு மோசடியாகிவிடாது. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் செலவு உண்டு. கணக்குக் காட்டத் தயங்கினால்தான் ஒதுங்க வேண்டும். மருத்துவமனை இல்லையென்றால் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிடுகிறோம் என்று பேச்சை மாற்றினால், யோசிக்காமல் மறுத்துவிடுங்கள். கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்ததை யுனிசெப் எடுத்துக்காட்டியிருக்கிறது. பார்வையாளர் தரும் பணத்துக்காகவே பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லங்களும் உண்டு.

மூன்று ஆண்டு அனுபவமுள்ள உங்களுக்கு நேர்வழிகள் இருக்கின்றன. ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டம் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. தேர்வானவர்களுக்கு மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுத் தொகையும் தருகிறது. 1971-இல் தொடங்கப்பட்ட எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் அனுபவமுள்ள செவிலியர்களை ஊதியம் கொடுத்தே அனுப்புகிறது. இவற்றில் மூன்று வாரத்தில் திரும்ப முடியாது, மாதக்கணக்கில் தங்க வேண்டும். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கென்யாவுக்கே போவதானால் உடல்நலத்தில் கவனம் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். பாம்பனிலும் ராமேசுவரத்திலும் மலேரியாவைப் பார்த்துப் பழகிய நாம் அதைச் சாதாரணமாக நினைப்பதுண்டு. இங்கே அதிகம் காண்பது வைவாக்ஸ் வகை. கென்யக் கடலோரத்தில் பரவுவது உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம். அதற்கான தடுப்பு மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் மருத்துவர் சொல்லும் நாள் வரை விழுங்க வேண்டும்.

அம்மாவின் தயக்கத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். கடலுக்குப் போனவர் கரை சேரும் வரை காத்திருந்து பழகிய ஊர்களில், எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று கேட்பது இயல்பு. நைரோபியில் உள்ள இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும், காப்பீட்டுப் பத்திரத்தின் நகலையும் அவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அதற்கு முன், அமைப்பு தரும் முகவரிக்கு நீங்களே நேரடியாக எழுதி, உங்களைப் போன்ற ஒரு செவிலியர் உண்மையில் தேவைப்படுகிறாரா என்று கேளுங்கள். பதில் வந்தால் இருவரும் சேர்ந்து படித்து முடிவு செய்யுங்கள். வரும்வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.